நாட்களை எண்ணாதீர்கள், சூட்டை எண்ணுங்கள்: நன்னீர் மீனின் வளர்ச்சியைக் காலநிலையோடு சேர்த்துக் கணிப்பது எப்படி

ஆறு மாதம் ஆகிவிட்டது, மீன் இன்னும் கால் கிலோவைத் தாண்டவில்லை, குஞ்சு சரியில்லையா தீவனம் சரியில்லையா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்த ஆறு மாதமும் தண்ணீர் எத்தனை டிகிரியில் இருந்தது? பெரும்பாலும் பதில் வராது. வெயில் எப்படி அடித்தது என்று சொல்வார்கள், மழை எப்போது வந்தது என்று சொல்வார்கள், தண்ணீரை யாரும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மீனுக்கு ஆறு மாதம் என்பது ஒரு கணக்கே இல்லை. நம் உடம்பு குளிரிலும் வெயிலிலும் 37 டிகிரியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, மீனின் உடம்போ தண்ணீரோடு சேர்ந்தே சூடேறி, சேர்ந்தே குளிர்கிறது. தண்ணீர் 10 டிகிரி கூடினால் அதன் உடம்புக்குள் நடக்கும் வேலை ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்காகிவிடும். பசி, செரிமானம், மூச்சு எல்லாம் சேர்த்துத்தான். அதனால் 22 டிகிரித் தண்ணீரில் வாழ்ந்த ஆறு மாதமும் 28 டிகிரியில் வாழ்ந்த ஆறு மாதமும் ஒரே வயது இல்லை.

காலநிலை மீனின் வளர்ச்சியில் மூன்று விதமாகக் கை வைக்கிறது. இன்றைய சூடு இன்றைய வளர்ச்சியை மாற்றும், இது உடனடி. சில வாரம் ஒரே சூட்டில் இருந்தால் மீனின் உடம்பே அதற்குப் பழகிக்கொள்ளும். குளிரில் செல்களைச் சுற்றியிருக்கும் சவ்வு இறுகிப்போகாமல் இருக்க அதிலுள்ள கொழுப்பின் வகையை மாற்றிக்கொள்கிறது, கெண்டையும் தங்கமீனும் தசைப் புரதத்தைக்கூட மாற்றுகின்றன. மூன்றாவது, பல தலைமுறையாக ஓரிடத்தில் வாழ்ந்த கூட்டத்தின் வம்சத்திலேயே படிந்துவிடும் மாற்றம். இந்த மூன்றையும் போட்டுக் குழப்புவதால்தான் குஞ்சின் மேலும் தீவனத்தின் மேலும் பழி விழுகிறது. ஒவ்வொன்றாக உரித்துப் பார்ப்பதுதான் வழி: முதலில் சூட்டைக் கழியுங்கள், மிச்சத்தில் தீனியையும் ஆக்சிஜனையும் பாருங்கள், அதன் பிறகும் மிச்சம் இருந்தால் வம்சத்துக்குப் போகலாம்.

தண்ணீரை அளப்பது

விலை கூடிய கருவி எதுவும் வேண்டாம், நீரில் நனையலாம் என்ற ஒரு தெர்மாமீட்டரும் கயிறும் போதும். வெயில் ஏறுவதற்கு முன் ஒருமுறை, பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை, மீன் வழக்கமாக மேயும் ஆழத்தில் இறக்கி ஐந்து நிமிடம் விட்டு, சட்டென்று தூக்கிப் பாருங்கள். தூக்குவதற்குள் மேல்தண்ணீரின் சூடு ஏறிவிடும் என்பதால், தெர்மாமீட்டரை ஒரு சின்னக் குவளைக்குள் வைத்துக் கட்டினால் அந்த ஆழத்துத் தண்ணீரோடே மேலே வரும். இரண்டு அளவையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அன்றைய சராசரி, அவ்வளவுதான். தினமும் முடியாவிட்டால் வாரம் மூன்று நாள் போதும், ஆனால் நடுவில் எந்த வாரத்தையும் விட்டுவிடாதீர்கள்.

நான் ஆரம்பத்தில் ஒரு பருவம் முழுக்க மதியம் மட்டும், அதுவும் கரையோரம் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டே அளந்து எழுதி வைத்தேன். நோட்டில் 31, 32 என்று அழகாக இருந்தது. அப்புறம் ஒருநாள் சும்மா நடுக்குளத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் விட்டுப் பார்த்தால் 27. அந்த ஒரு பருவத்துக் கணக்கு மொத்தமும் குப்பைக்குப் போனது. ஆழமான, காற்று படாத தண்ணீரில் சூடான அடுக்கு மேலேயும் குளிர்ந்த அடுக்கு கீழேயுமாகப் பிரிந்து நிற்கும், இரண்டும் எளிதில் கலக்காது. பனி உறையும் இடங்களில் இது தலைகீழ்: தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக கனம், ஆகவே மேலே பனிக்கட்டி இருக்கும்போதும் அடியில் ஏறக்குறைய 4 டிகிரித் தண்ணீர் இருக்கும், மீன் அங்கே போய் அசையாமல் கிடந்து குளிர்காலத்தைக் கழிக்கும்.

சூட்டைக் கூட்டும் கணக்கு

ஒவ்வொரு மீனுக்கும் அதற்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும் என்று ஒரு அடிமட்டம் உண்டு. அன்றைய சராசரியிலிருந்து அந்த அடிமட்டத்தைக் கழித்து, வரும் எண்ணைத் தினமும் கூட்டிக்கொண்டே போங்கள். இதற்கு டிகிரி நாள் என்று பெயர். பயிர்க்காரர்கள் ரொம்ப காலமாகப் பயன்படுத்தும் கணக்குதான், மீனுக்கும், முக்கியமாக இளம் மீனுக்கு, நன்றாகவே பொருந்துகிறது.

திலேப்பியாவை எடுத்துக்கொள்வோம், அது 16, 17 டிகிரிக்குக் கீழே தீனியைத் தொடுவதை ஏறக்குறைய நிறுத்திவிடும், அடிமட்டத்தை 15 என்று வைத்துக்கொள்ளலாம். 28 டிகிரிக் குளத்தில் ஒரு நாளுக்கு 13 டிகிரி நாள் சேரும், 60 நாளில் 780. 22 டிகிரிக் குளத்தில் ஒரு நாளுக்கு 7 தான் சேரும், அதே 780 வர 111 நாள் ஆகும். ஆறு டிகிரிதான் வித்தியாசம், ஆனால் இரண்டு மாதக் கதை கிட்டத்தட்ட நான்கு மாதக் கதையாகிவிட்டது. இந்த இரண்டு குளத்துக்காரர்களும் நாளை வைத்து ஒப்பிட்டுப் பேசிக்கொண்டால் குளிர்ந்த குளத்துக்காரர் தன் மேல் தப்பே இல்லாமல் தலையில் கை வைத்துக்கொள்வார்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு, மீனுக்குப் பிடித்த சூடு வரைக்கும்தான் செல்லும். அதைத் தாண்டினால் வளர்ச்சி ஏறாது, சரியும், அதுவும் ஏறியதைவிட வேகமாகச் சரியும். திலேப்பியா, கட்லா, ரோகு போன்றவற்றுக்கு 30 டிகிரியை ஒட்டியும், குளிர்நீர் மீனான ரெயின்போ டிரவுட்டுக்கு 15, 16 டிகிரியை ஒட்டியும் அந்த உச்சம் இருக்கும். ஒரு நாள் சராசரி உச்சத்தைத் தாண்டினால் அந்த உச்சத்தையே எழுதுங்கள், அதற்கு மேல் இருப்பதைக் கூட்டாதீர்கள். பல நாள் தாண்டியே இருந்தால் கணக்கை நிறுத்திவிட்டு மீனைக் காப்பாற்றுகிற வேலையைப் பாருங்கள்.

மீனை அளப்பது

மாதம் ஒருமுறை 30 மீனாவது பிடித்து நீளமும் எடையும் எடுங்கள். தீவனம் போட்டதும் ஓடி வருவதை மட்டும் பிடித்தால் கொழுத்த, துணிந்த மீனாகவே வரும். குளத்தின் இரண்டு மூன்று இடத்தில் வீச்சு வலை போடுங்கள். முந்தின நாள் தீனியை நிறுத்திவிட்டால் வயிற்றிலிருக்கும் தீவனத்தை எடை போட வேண்டியிருக்காது.

இப்போது எடையை அப்படியே ஒப்பிடக்கூடாது. 40 கிராம் மீன் ஒரு மாதத்தில் 64 ஆனால் தினமும் சுமார் ஒன்றரை சதவீதம் ஏறியிருக்கிறது, 200 கிராம் மீன் 260 ஆனால் ஒரு சதவீதம்கூட இல்லை, ஆனால் இரண்டாவது மோசமாக வளர்ந்தது என்று சொல்ல முடியாது, பெரிய மீன் எப்போதுமே சதவீதத்தில் மெதுவாகத்தான் வளரும். இதற்கு ஒரு எளிய தந்திரம் இருக்கிறது, டிரவுட், சால்மன் வளர்ப்பவர்களுக்காக 1981ல் வந்த ஒரு கணக்கிலிருந்து வந்தது: எடையின் கனமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 27 கிராமுக்கு 3, 64க்கு 4, 125க்கு 5, 216க்கு 6. இடைப்பட்ட எடைக்குக் கைபேசியில் இருக்கும் கால்குலேட்டர் போதும். 64 கிராமிலிருந்து 125க்கு வர, அதாவது 4லிருந்து 5க்கு வர, உங்கள் குளத்தில் 650 டிகிரி நாள் பிடித்தது என்றால், 125லிருந்து 216க்குப் போகவும் ஏறக்குறைய அதே 650 பிடிக்க வேண்டும். (மூலக் கணக்கில் அடிமட்டம் பூஜ்யம் டிகிரி, குளிர்நீர் மீனுக்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம், சூட்டுநீர் மீனுக்கு மேலே சொன்ன மாதிரி கழித்துப் போடுவதுதான் எனக்கு ஒத்து வருகிறது.) அடுத்த படிக்கு 900 ஆகிறது என்றால்தான் ஏதோ கோளாறு. வெயில் குறைந்ததால் என்ற சாக்கு இனி செல்லாது, ஏனென்றால் வெயிலைத்தான் ஏற்கெனவே கழித்துவிட்டோமே.

நீளத்தை வைத்து இன்னொன்றும் பார்க்கலாம். கிராமில் எடையை நூறால் பெருக்கி, சென்டிமீட்டரில் நீளத்தை மூன்று முறை பெருக்கி (நீளம் × நீளம் × நீளம்) வரும் எண்ணால் வகுங்கள். 20 சென்டிமீட்டர், 96 கிராம் என்றால் 9600ஐ 8000ஆல் வகுத்து 1.2 வரும். இந்த எண் ஒரே இன மீனுக்குள் மட்டும் ஒப்பிட. மாதா மாதம் இறங்கிக்கொண்டே போனால் மீன் நீண்டிருக்கிறது, ஆனால் உடம்பில் சதை பிடிக்கவில்லை. தண்ணீர் சூடாக இருக்கிறது, வயிறு நிறையவில்லை என்று அதற்கு அர்த்தம்.

தீனி குறைந்தால் சூடு பகையாகும்

இந்த விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று இது, என்னைக் கேட்டால் முழுக் கட்டுரைக்கும் இதுதான் நடுமையம். மீனுக்கு எந்தச் சூட்டில் வளர்ச்சி அதிகம் என்ற கேள்விக்கு, எவ்வளவு சாப்பிடக் கிடைக்கிறது என்று தெரியாமல் பதில் சொல்லவே முடியாது. கனடாவில் மீன் ஆய்வாளர் ஜே. ஆர். பிரெட்டும் அவருடைய கூட்டாளிகளும் இளம் சாக்கை சால்மனை வைத்துச் செய்த சோதனை 1969ல் வெளிவந்தது. வயிறு நிறையத் தீனி போட்டபோது 15 டிகிரியில் வளர்ச்சி உச்சத்தில் இருந்தது. தீனியைக் குறைக்கக் குறைக்க அந்த உச்சம் குளிர்ந்த பக்கமாக நகர்ந்தது, தினம் உடம்பெடையில் ஒன்றரை சதவீதம் மட்டும் போட்டபோது 5 டிகிரிக்கே வந்துவிட்டது!

காரணம் சிக்கலானதில்லை. சூடு ஏறினால் சும்மா உயிரோடு இருப்பதற்கே மீனுக்குச் செலவு கூடுகிறது. வருமானம் அதற்கேற்ப ஏறினால் மிச்சம் பிடித்து வளரும், ஏறாவிட்டால் வந்ததெல்லாம் மூச்சு விடுவதிலேயே கரைந்துவிடும். அதனால் தீவனம் போடாமல் இயற்கைத் தீனியை நம்பியிருக்கும் குளத்தில் வெயில் காலம் நல்ல காலம் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் பச்சை பிடித்து நுண்ணுயிர்கள் பெருகினால் சரி, தெளிந்து கிடந்தால் அந்தச் சூடு மீனைத் தின்னும்.

அட்டவணையைப் பார்த்துத் தேதிவாரியாகத் தீவனம் போடுவதும் இதே தப்பின் மறுபக்கம். திடீரென்று நான்கு நாள் குளிர்ந்து தண்ணீர் ஐந்தாறு டிகிரி இறங்கிவிட்டால், அட்டவணை கேட்கும் அளவை மீனால் செரிக்க முடியாது, போட்டது அடியில் போய் அழுகும். சராசரி இறங்கிய அன்றே குறையுங்கள். தட்டில் வைத்துத் தண்ணீருக்குள் இறக்கி, அரை மணி கழித்துத் தூக்கிப் பார்த்து, மிச்சம் இருந்தால் அடுத்த வேளை குறைப்பது எந்த அட்டவணையையும்விட நம்பகமானது.

ஆக்சிஜன் இதைவிட மோசமான கணக்கு. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது: பூஜ்யம் டிகிரியில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் வரை பிடிக்கும், 20ல் 9.1, 30ல் 7.6 தான். 20லிருந்து 30க்கு ஏறும்போது மீனுக்குத் தேவை இரண்டு மடங்கை நோக்கிப் போகிறது, கையிருப்போ ஆறில் ஒரு பங்கு காணாமல் போகிறது. மேலும் இரவில் பாசியும் செடியும்கூட ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் மிகக் குறைவாக இருப்பது விடியும் நேரம். அந்த நேரத்தில் குளத்தங்கரைக்குப் போய் நின்று பாருங்கள். மீன் எல்லாம் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயை மேலே நீட்டிக்கொண்டு, உதடு மட்டும் தெரிய, சின்னச் சின்ன வட்டமாகத் தண்ணீர் அசையும். காலடிச் சத்தம் கேட்டால் ஒரு நொடி உள்ளே போய்விட்டு உடனே மேலே வந்துவிடும். வெயில் ஏறினதும் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி தெரியும், பகலில் வருகிறவர்கள் யாருக்கும் இது தெரியாது. இப்படிப் பல விடியல்கள் போனால் மீன் சாகாது, ஆனால் வளராது, பசியே எடுக்காது. முற்றிப்போய்ச் சாக ஆரம்பித்தால் பெரும்பாலும் பெரிய மீன்தான் முதலில் மிதக்கும். சூடான இடங்களில் நள்ளிரவுக்கு மேல் ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) ஓடட்டும், கடைசி வேளைத் தீனியை மாலைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

விராலும் நடக்கும் கெளுத்தியும் காற்றை நேராகவே விழுங்கி மூச்சு விடும் என்பதால் இந்தச் சங்கடத்தில் பாதியைத் தாண்டிவிடுகின்றன. குரூசியன் கெண்டை இன்னும் ஒரு படி மேலே: பனிக்கடியில் ஆக்சிஜனே இல்லாமல் போனால், கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரைச் சரக்கை எரித்து, வரும் கழிவைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியே விட்டுவிட்டு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

சூட்டில் வளரும் மீனுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. சின்ன வயதில் வேகமாக வளரும், சீக்கிரம் பருவத்துக்கு வரும், கடைசியில் எட்டும் உடம்பு சிறியதாக நின்றுவிடும். குளிரில் வளர்வது தாமதமாகப் பருவமடைந்து பெரிதாகும். திலேப்பியா உள்ளங்கை அளவிலேயே முட்டையிட ஆரம்பித்துவிட்டது என்றால் அதற்குப் பிறகு எவ்வளவு கொட்டினாலும் பாதி இனப்பெருக்கத்துக்குத்தான் போகும்.

செதிலில் எழுதியிருப்பது

ஏற்கெனவே வளர்ந்த மீனிடம் பழைய கதையைக் கேட்க வேண்டுமென்றால் செதிலைப் பாருங்கள். முதுகுத் துடுப்புக்குக் கீழே, உடம்பின் பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் கோட்டுக்கு மேலே, முள்கரண்டியோ கத்தியோ வேண்டாம், இடுக்கியால் ஐந்தாறு செதில் எடுத்தால் மீனுக்குப் பெரிய சேதமில்லை. சோப்புத் தண்ணீரில் வழவழப்பைக் கழுவி, இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில் வைத்து அமுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பூதக்கண்ணாடியால் பாருங்கள். மையத்திலிருந்து கோடு கோடாக வளையம் போகும். நன்றாக வளர்ந்த காலத்தில் வளையங்கள் இடைவெளி விட்டு இருக்கும், வளர்ச்சி நின்ற காலத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கருத்த பட்டையாகத் தெரியும். கெண்டையின் செதிலில் இப்படி வயது பார்க்கலாம் என்று ஹொஃப்பவுர் என்ற ஆய்வாளர் 1898லேயே காட்டிவிட்டார்.

மையம் வழித்துவிட்டது போல் வெறுமையாக இருந்தால் அது விழுந்து மறுபடி முளைத்த செதில், தூக்கிப் போடுங்கள். கெளுத்திக்குச் செதிலே கிடையாது. அப்புறம், குளிர்காலம் இல்லாத இடத்தில் நெருங்கிய பட்டை ஒன்று ஒரு வருடம் என்று எண்ணிவிடாதீர்கள். வறட்சி, முட்டையிடும் காலம், பட்டினி எல்லாமே அதே பட்டையைப் போடும். உங்கள் வெப்பநிலை நோட்டையும் செதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது எதனால் என்று பிரியும்.

வம்சத்தைச் சோதிப்பது

குளிர்ப் பகுதியிலிருந்து வந்த குஞ்சு மந்தமாக வளரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பல இனங்களில் நேர் எதிர். கோடை குறுகிய இடத்தில், குளிர் வருவதற்குள் போதிய உடம்பும் கொழுப்பும் சேர்க்காத குஞ்சு குளிர்காலத்தைத் தாண்டாது, ஆகவே கிடைத்த சூட்டை வேகமாக உடம்பாக்கத் தெரிந்தவை மட்டுமே மிஞ்சுகின்றன. வட அமெரிக்கக் கிழக்குக் கரையோர சில்வர்சைடு மீனில், நன்னீர் மீனில்லை, ஆனால் பாடம் பொது, கானோவர், பிரசென்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990ல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். வடக்கே வளரும் பருவம் தெற்கின் பாதிக்கும் குறைவு, ஆனால் முதல் பருவ முடிவில் மீனின் அளவு குறையவில்லை. ஒரே தொட்டிச் சூட்டில் வளர்த்தால் வடக்குக் குஞ்சு தெற்குக் குஞ்சை முந்தியது. அப்படியானால் தெற்குக்காரன் ஏன் அந்த வேகத்தில் வளரவில்லை? வேகத்துக்கு விலை உண்டு: வயிறு முட்டத் தின்று வளரும் மீன் நீச்சலில் மந்தம், பெரிய மீனிடம் எளிதாக மாட்டும்.

சூடு மட்டுமே காலநிலை இல்லை. ஆப்பிரிக்காவில் மழைக்குட்டையில் வாழும் நோத்தோபிராங்கியஸ் ஃபர்சேரி என்ற சின்ன மீன், குட்டை வற்றுவதற்குள் தலைமுறையை முடித்தாக வேண்டும், மொசாம்பிக்கில் பொரித்து 14 நாளிலேயே முட்டையிடத் தயாராகிறது.

ஆனால் வம்சம் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்றும் இல்லை. ஸ்வீடன், நார்வே, பிரிட்டன் என்று 11 இடத்து ஆர்க்டிக் சார் என்ற குளிர்நீர் மீன்களைச் சோதித்தபோது, வளர்ச்சிக்கு உகந்த சூடு ஊருக்கு ஊர் காலநிலையை ஒட்டி மாறவில்லை என்றுதான் 2005ல் தெரியவந்தது. வேகம் மாறலாம், பிடித்த சூடு லேசில் நகராது. குளிர்நீர் மீனைக் கொண்டுவந்து சூட்டுக்குப் பழக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூரத்துக் குஞ்சு வேகமாக வளரும் என்பதற்காக வாங்குவதிலும் கவனம்: அமெரிக்காவில் புளோரிடா வகை பெரியவாய் பாஸ் என்ற நன்னீர் மீனை வடக்கே கொண்டுபோய் விட்ட இடங்களில் அது குளிர்காலத்தில் அதிகம் செத்தது, உள்ளூர் வகைதான் நின்றது.

நீங்களே சோதிக்கலாம். இரண்டு இடத்துக் குஞ்சையும் ஒரே அளவில் தேர்ந்தெடுத்து, ஒன்றின் துடுப்பு ஓரத்தில் மட்டும் சின்னதாக வெட்டி அடையாளம் வைத்து, ஒரே தொட்டியில் ஒரே தீவனத்தில் விடுங்கள். தொட்டி ஒன்று போதாது, மூன்று வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு தொட்டியின் ராசியை வம்சத்தின் குணம் என்று எடுத்துக்கொள்வீர்கள். முடிந்தால் இன்னும் மூன்று தொட்டியை நான்கைந்து டிகிரி குளிர்ச்சியாக வைத்து ஓட்டுங்கள், இங்கே முந்துவது அங்கேயும் முந்துகிறதா என்று தெரியும். முதல் மூன்று நான்கு வாரத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது, அது பழகும் காலம், பட்டினியில் வந்த குஞ்சு அப்போது விட்டதைப் பிடிக்க ஒரு பாய்ச்சல் பாயும். அதன் பிறகு கனமூலக் கணக்கில் எட்டு வாரமாவது பாருங்கள். முட்டையிலிருந்தே இங்கே வளர்த்தால் இன்னும் சுத்தமான பதில் வரும்.

ஆறு தொட்டியிலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்ந்தால் குஞ்சை மாற்ற வேண்டாம். நாளைக்கு விடியற்காலை நாலரை மணிக்கு டார்ச்சோடு உங்கள் குளத்தங்கரைக்குப் போய் நில்லுங்கள்.